நாலு காசும் நல்ல பெயரும்

வீட்டில் இருந்தபடியே நாலு காசு சம்பாதிக்க வழி இருக்கிறதா என்று கேட்காத பெண்கள் இன்று குறைவு. போன மாதம் எங்கள் கோவில்பதாகை சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் பிராகாரம் சுற்றிக் கொண்டிருந்தபோது, கைக்குழந்தையோடு வந்திருந்த ஓர் இளம்பெண் என்னைப் பிடித்துக் கொண்டாள். "ஆன்ட்டி, நீங்க வெப்சைட் வச்சு சம்பாதிக்கிறீங்களாமே! அம்மா சொன்னாங்க. எனக்கும் கத்துக் கொடுங்களேன்" என்றாள்.

கோயிலில் நின்றபடி சொல்லி முடிக்கிற சமாசாரமா அது? அதில் வரவும் உண்டு. அந்த வரவினாலேயே நான் தலைகுனிந்து நின்ற நாளும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவளுக்கு உபயோகப்படும். அவளைப் போல் கேட்க நினைக்கும் சகோதரிகள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். வயது நாற்பத்து நான்கு. என் கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய லேத் பட்டறையில் வேலை. 2020-இல் ஊரடங்கு வந்து பட்டறையைப் பூட்டியபோது இரண்டு மாதம் சம்பளமே இல்லை. பிறகு திறந்தார்கள். ஆனால் ஓவர்டைம் என்ற பேச்சே நின்று போயிற்று. அப்போது பத்தாவது படித்துக் கொண்டிருந்த மகளின் ஆன்லைன் வகுப்புக்காக என் கம்மலை அடகு வைத்து ஒரு செல்போன் வாங்கினோம். அந்தப் போனைப் பார்க்கும்போதெல்லாம், "கம்மலை இது மீட்டுத் தருமா?" என்று வேடிக்கையாகக் கேட்பேன். ஒருநாள் மகள் அதை நிஜமாகவே எடுத்துக் கொண்டு, "தரும்மா. ஒரு வழி இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது முதலில் எனக்குப் புரியவில்லை. அஃபிலியேட் என்றாள், லிங்க் என்றாள். நான் விழிப்பதைப் பார்த்து, "பாட்டி ஆர்.டி. பிடிச்ச மாதிரிதாம்மா" என்றாள். உடனே விளங்கி விட்டது.

என் மாமியார் தபால் ஆபீஸ் ஆர்.டி. ஏஜெண்டாக இருந்தவர். பெண்களையே முகவர்களாகக் கொண்டு வீடு வீடாகச் சேமிப்பைத் திரட்ட மத்திய அரசு 1972-இல் தொடங்கிய திட்டம் அது. இன்றும் நடக்கிறது. கட்டப்படும் 100 ரூபாய்க்கு 4 ரூபாய் ஏஜெண்டுக்குக் கமிஷன். என் மாமனார், எங்கள் பக்கத்தில் டேங்க் பேக்டரி என்று சொல்கிற ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சம்பள வாரம் வந்தால் போதும், அத்தை துணிப்பையை மாட்டிக் கொண்டு குவார்ட்டர்ஸ் முழுக்க நடப்பார். பணத்தை வாங்கி, கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தபால் ஆபீஸில் கட்டி விட்டு வருவார். முழங்கால் மக்கர் பண்ணுகிற வரையில் இருபத்தைந்து வருடம் அப்படி நடந்திருக்கிறார். எங்கள் வீட்டின் முன் அறை அந்தக் கமிஷனில் கட்டியதுதான்.

மகள் சொன்ன வேலையும் அதே ஜாதிதான். ஒரு பொருளைப் பற்றி நம் இணையதளத்தில் எழுதுகிறோம். கடைக்காரர் நமக்கென்று ஒரு தனி லிங்க் கொடுத்திருப்பார். நாம் எழுதியதைப் படித்தவர் அந்த லிங்கைத் தொட்டு, கடைக்குள் போய் வாங்கினால் நமக்கு ஒரு சிறு கமிஷன். வாங்குகிறவருக்கு விலை ஏறுவதில்லை. கமிஷனைக் கடைக்காரர் தம் பங்கிலிருந்து தருகிறார். அமெரிக்காவில் அமேசான் கம்பெனி புத்தகம் மட்டும் விற்றுக் கொண்டிருந்த 1996-ஆம் வருடத்திலேயே இந்த ஏற்பாட்டைத் தொடங்கி விட்டது. அவர்கள் இந்தியாவில் கடை விரித்தது 2013 ஜூனில். இதில் சேர ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

எதைப் பற்றி எழுதுவது? "உனக்குத் தெரிஞ்சதை எழுதும்மா" என்றாள் மகள். எனக்குத் தெரிந்தது அடுப்படிதான். முதல் கட்டுரை, இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி என்பது. கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கஞ்சித் தண்ணீரில் மூன்று நாள் ஊற வைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றி, பிறகு எண்ணெய் தடவி வெங்காயம் வதக்கி, முதலில் இரண்டு தோசையை ஊற்றி எறிந்து விட்டு... என்று அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே எழுதினேன். அடியில் ஒரு தோசைக்கல்லின் லிங்க். அடுத்தது, நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு எத்தனை லிட்டர் கிரைண்டர் போதும் என்பது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதே அதை எழுதும்போதுதான் எனக்குத் தெரியும்! இட்லிப் பானை, குக்கர் காஸ்கெட், மிக்ஸி ஜாரின் பிளேடு என்று மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை தினம் உட்கார்ந்து எழுதினேன்.

சகோதரிகளே, இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். எழுதிய மறுநாளே பணம் கொட்டும் என்று நினைக்காதீர்கள். முதல் மூன்று மாதம் ஒரு காசும் வரவில்லை. நாலாவது மாதம் 23 ரூபாய் கணக்கில் ஏறியது. வங்கியில் முதன்முதலாகப் பணம் விழுந்தது பதினோராவது மாதம், 1,140 ரூபாய். அதை எடுத்துக் கொண்டு போய் கரண்ட் பில் கட்டி விட்டு வந்தேன். என்னவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு ரசீதை எடுத்து இரண்டு தரம் பார்த்தார்.

அப்புறம் மெல்ல ஏறியது. இரண்டாம் வருடக் கடைசியில் மாதம் 2,500 ரூபாய் வரை வந்தது. தீபாவளி மாதத்தில் 4,000-ஐத் தொட்டது. கம்மலை மீட்டேன். அத்தோடு திருப்திப்பட்டிருக்கலாம்.

2023 ஜனவரி. மகள் பிளஸ் டூ. கல்லூரிக் கட்டணம் கண்முன் வந்து நின்றது. அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. சர்க்கரை நோய்க்கு மூலிகைப் பொடி. டப்பா 799 ரூபாய். எங்கள் லிங்க் வழியாக விற்றால் ஒரு டப்பாவுக்கு 160 ரூபாய் கமிஷன். பாத்திரத்தில் 20, 30 என்று பார்த்துக் கொண்டிருந்த எனக்கு 160 என்றதும் மனசு ஆடி விட்டது. அவர்கள் அனுப்பிய வாசகத்தையே கொஞ்சம் மாற்றிப் போட்டேன். 'மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள்' என்று தலைப்பு. 'பலரும் பயன்படுத்திப் பலன் அடைந்திருக்கிறார்கள்' என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். அப்படிப் பலன் அடைந்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. அந்தப் பொடியை நான் கண்ணால் பார்த்ததுமில்லை. லிங்கை வாட்ஸ்அப்பில் தெருவில் உள்ளவர்களுக்கும் அனுப்பினேன்.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. பல வருடமாகச் சர்க்கரை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகாதாரப் பணிப் பெண் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்து விட்டுப் போவார். ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவர்தான். அவர் பொடி வாங்கிய விஷயம் எனக்குத் தெரியாது. என் கணக்கில் எத்தனை டப்பா விற்றது என்று வருமே தவிர, வாங்கியவர் பெயர் வராது.

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். பணிப் பெண் வந்தபோது, இரண்டு மாத மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அக்கா இளைத்துப் போயிருந்தார். ராத்திரியில் நாலைந்து தரம் எழுந்து போகிறார், தாகம் அடங்கவில்லை, கால் விரலில் செருப்புக் கடித்த புண் ஆறவே இல்லை. பரிசோதித்தால் சர்க்கரை 418. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து விட்டார்கள்.

நான் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதிலாக மோரும் சுண்டலும் எடுத்துக் கொண்டு பார்க்கப் போனேன். எப்படிக்கா இப்படி ஆச்சு என்று கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக் கொண்டார். "அந்தப் பொடி வந்த பிறகு மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டேம்மா. மூணு டப்பா ஆச்சு. நீ எழுதினா சரியாத்தானே இருக்கும்? நீ சொன்ன கிரைண்டர் இன்னைக்கும் நல்லா ஓடுதே!" என்றார்.

என்னைக் குற்றம் சொல்ல அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு என் மேல் சந்தேகமே இல்லை. அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூன்று டப்பா, 480 ரூபாய் என்று என் மனசு கணக்குப் போட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. இரண்டே கேள்வி கேட்டார்.

"அதுல உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"மொத்தம் 31 டப்பா போச்சு அத்தை. 4,960 ரூபாய்."

"உனக்குக் கமிஷன் வருதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் சொன்னதே இல்லை. தோசைக்கல்லுக்கும் சொன்னதில்லை, கிரைண்டருக்கும் சொன்னதில்லை. ஏதோ எழுத்தாளர் போல எழுதிக் கொண்டிருந்தேனே தவிர, கூலி வாங்குகிறேன் என்று ஒரு வார்த்தை போட்டதில்லை.

அத்தை சொன்னார்: "நான் ஆர்.டி. சேர்க்கப் போற வீட்டுல முதல் பேச்சே அதுதான். 'எனக்கு இதுல கமிஷன் உண்டு, சர்க்கார் கொடுக்குது, உங்க பணத்துல எடுக்கறது இல்லை'ன்னு சொல்லிட்டுத்தான் கார்டையே எடுப்பேன். பொண்ணு கல்யாணத்தை ஆறு மாசத்துல வச்சிருக்கிறவங்க கிட்டே அஞ்சு வருஷ ஆர்.டி. போடுங்கன்னு கேட்டதில்லை. அவங்க வேண்டாம்னு சொல்ல வழி விட்டாத்தான், போடறேன்னு சொல்றதுக்கு மதிப்பு."

அன்று ராத்திரியே அந்தப் பக்கத்தை எடுத்து விட்டேன். ஆனால் சும்மா எடுத்து விட்டால் ஆயிற்றா? மீதி 28 டப்பாவை வாங்கியவர்கள் யார், எந்த ஊர், அவர்களும் மாத்திரையை விட்டார்களா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. என்னால் ஆனது ஒன்றுதான். அதே இடத்தில், 'இந்தப் பொடியைப் பற்றி நான் எழுதியது தவறு. நான் அதைப் பயன்படுத்தியவள் இல்லை. கமிஷனுக்காக எழுதினேன். யாரும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம், நிறுத்தியிருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்' என்று எழுதி வைத்தேன். அது இன்னும் அங்கே இருக்கிறது.

மறுநாள் அக்காவிடமும் போய்ச் சொன்னேன். 480 ரூபாய் எனக்கு வந்தது என்பதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் மகன்தான் இரண்டு வார்த்தை கடுமையாகப் பேசினான். வாங்கிக் கொண்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா வாங்கவில்லை. ஆறு நாளில் வீடு திரும்பிய பிறகு, காலுக்குக் கட்டுப் போட இருபது நாள் ஆட்டோவில் நானே அழைத்துப் போய் வந்தேன். அந்த 4,960 ரூபாய் அதற்கும் மருந்துக்கும் செலவாயிற்று. விரல் தப்பியது பெருமாள் புண்ணியம்.

பிறகுதான் சட்டமெல்லாம் தெரிந்து கொண்டேன். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே குற்றம். மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. இன்னொன்றையும் கேளுங்கள். நான் அந்தப் பொடியைப் பற்றி எழுதிய அதே 2023 ஜனவரியில்தான், மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. ஒரு பொருளைச் சிபாரிசு செய்து அதனால் பணமோ, இலவசப் பொருளோ பெறுகிறவர், அதைப் படிப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும். தாமே உபயோகித்த பொருளாக இருக்க வேண்டும் என்கிறது அது. தவறான விளம்பரத்துக்குச் சிபாரிசு செய்தவருக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். அத்தை எந்தச் சட்டமும் படிக்காமல் குவார்ட்டர்ஸ் வாசலில் கடைப்பிடித்த வழக்கம்தான் இதெல்லாம்!

இந்த வேலையில் இறங்க நினைக்கும் சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் இருக்கும் பொருளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அதன் குறையையும் எழுதுங்கள். என் டேபிள் டாப் கிரைண்டரைக் கழுவுவது சிரமம் என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகும் வாங்கத்தான் செய்கிறார்கள்.

மருந்து, குழந்தை உணவு, உடம்பு இளைக்க, முடி வளர என்று வருகிறவற்றைத் தொடாதீர்கள். கமிஷன் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

கட்டுரையின் தலைமாட்டிலேயே, 'இதன் மூலம் நீங்கள் வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் கிடைக்கும்' என்று தமிழில் போடுங்கள். அடியில், பொடி எழுத்தில் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அப்படியே.

கணக்கை நிதானமாகப் பாருங்கள். அமேசானில் லிங்கைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் வாங்கினாலோ, அதற்குள் கூடையில் போட்டுப் பிறகு வாங்கினாலோதான் நமக்குச் சேரும். பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பிப் போய் விடும். நம் லிங்கில் நாமே வாங்கினால் கிடையாது. மாதம் முடிந்து ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்தே பணம் வரும். ஆகையால் இதை நம்பிச் சீட்டுக் கட்டாதீர்கள். பான் கார்டு கட்டாயம் வேண்டும். வரி பிடித்திருந்தால், வருமானம் வரம்புக்குள் இருக்கும் பட்சத்தில் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக் கொள்ளலாம்.

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். 'வீடியோவுக்கு லைக் போடுங்கள், ஒன்றுக்கு 50 ரூபாய்' என்று வரும் செய்திகளுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே கிடையாது. முதலில் நூறு இருநூறு கொடுப்பார்கள். பிறகு, 'இவ்வளவு கட்டினால் இரட்டிப்பாகத் தருகிறோம்' என்பார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெண் இப்படி 38,000 ரூபாயை இழந்து விட்டு, புருஷனிடம் சொல்லப் பயந்து பத்து நாள் பேசாமல் இருந்தாள். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. ஏமாந்து விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

கமிஷன் உண்டு என்று தலைமாட்டில் போட்ட பிறகு முதல் இரண்டு மாதம் என் வரவு பாதியாகக் குறைந்தது. பயந்து போனேன். பிறகு பழையபடி ஆயிற்று. இப்போது மாதம் 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே வருகிறது. மகள் கல்லூரிக்குப் போகும் பஸ் செலவும், வீட்டுக்குப் பாலும் அதில் நடக்கின்றன. பெரிய பணம் இல்லைதான். ஆனால் யாரைப் பார்த்தும் தெருவைக் கடந்து ஒதுங்கிப் போக வேண்டியதில்லை.

கோயிலில் பார்த்த பெண்ணை, புதன்கிழமை மதியம் குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன். அவள் வீட்டில் வருடக்கணக்காக உழைக்கிற சாமான்கள் எவை என்று எழுதுவதுதான் முதல் பாடம்.

எதிர்வீட்டு அக்கா எட்டு மாதம் என்னிடம் எந்தப் பொருளைப் பற்றியும் கேட்கவில்லை. பேச்சு உண்டு, கோலமாவு கொடுத்து வாங்குவது உண்டு, அது மட்டும் இல்லை. அப்புறம் ஒருநாள் தானாகவே வந்தார். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா ஒன்று வேண்டுமாம், எது நல்லது என்று கேட்டார். அத்தைக்கு நான் வாங்கி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினேன். மூடி கொஞ்சம் இறுக்கம், நகத்தால் நெம்ப வேண்டும் என்றேன். "என் லிங்கில் வாங்கினா எனக்கு ஏழு ரூபாய் வரும்க்கா. பஜார்லேயும் கிடைக்கும்" என்றேன்.

"ஏழு ரூபாய்தானா? வரட்டும், அனுப்பு" என்றார் அக்கா.